எங்கை போறாய் எண்டு கேக்காத வீடு

வெளிக்கிட்டு வாசல்லை நிக்கிற மனுசரைப் பாத்து எங்கை போறாய் எண்டு கேக்கக்கூடாது. கேட்டால் போற காரியம் சரிவராது. இதை எனக்கு ஒருத்தரும் இருத்தி வைச்சுச் சொல்லித் தரேல்லை, எங்கடை ஆக்களுக்கு இது தானா வாறது. கட்டாயம் அறியவேணுமெண்டால் "தூரமோ?" எண்டு ஒரு சொல்லுக் கேட்டுப்போட்டு விட்டிடவேணும். கனடாவுக்கு வந்து மல்வேர்னிலை வீடு வாங்கி மகளையும் வளத்து ஆளாக்கியாச்சு, இன்னும் நான் இதை விடேல்லை. என்ரை மனுசன் இராஜரட்ணத்துக்குத்தான் வாய் நிக்காது.

அண்டைக்குக் காலமை மனுசன் குப்பைத் தொட்டியை றோட்டுக்கு இழுத்துப்போட்டுத் திரும்பி வாறார். தொப்பி போடேல்லை. மாசி மாசக் குளிர், காது கழண்டு விழும். நான் வாசல்லை நிண்டு பேசிக்கொண்டு நிக்கிறன். அந்த நேரம் வீட்டின்ரை பக்கத்துக் கதவாலை, எங்கடை கீழ்வீட்டிலை, பேஸ்மென்றிலை இருக்கிற ஹுமாயூன் வெளியிலை வந்தான். வழமையா அவன் வேலைக்குப் போறதெண்டால் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் தேஞ்ச சப்பாத்தும்தான். அண்டைக்குப் புதுப் பூட்ஸ், மொத்த ஜக்கெற், தோளிலை பெரிய கறுத்த பை. எங்களைக் கண்டதும் பயந்த முகத்தோடை நிண்டிட்டான்.

"ஹலோ ஹுமாயூன்! வெயர்..." எண்டு மனுசன் துவங்கினார். பொடியன் ஏதோ முக்கியமான காரியத்துக்கு வெளிக்கிடுறான், உந்த மனுசன் வாயை வைச்சுக் கெடுக்கப்போறார். எட்டி அவரின்ரை கையிலை ஒரு கிள்ளுக் கிள்ளினன்.

"ஆ! என்னப்பா?"

"வாயை மூடிக்கொண்டு உள்ளுக்கு வாங்கோ" எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டு, ஹுமாயூனைப் பாத்து இங்கிலிசிலை, "ஓகே, குட், ஐஸ் இருக்கு, கவனம்" எண்டன். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நிண்டான். பிறகு நெஞ்சிலை கையை வைச்சுத் தலையைக் குனிஞ்சுபோட்டுப் போனான். நான் கதவைச் சாத்தினன். மனுசன் கையைத் தடவிக்கொண்டு தேத்தண்ணி கேட்டார்.

ஹுமாயூனும் அவன்ரை மனுசி ஷுக்ரியாவும் எங்களிட்டை வாடகைக்கு வந்தது போன கோடையிலை. ஆப்கானிஸ்தானிலை ஹெராத் எண்டு ஒரு நகரமாம். அங்கை அவன் றோட்டும் பாலமும் கட்டின இஞ்சினியர், அவள் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவள். பாகிஸ்தானிலை ஒரு அறைக்குள்ளை ரெண்டு குளிர்காலம் விசாவுக்குக் காத்துக் கிடந்து வந்தவை. அந்தக் காத்திருப்பிலை முதல் பிள்ளை வயித்துக்குள்ளையே போட்டுது. இஞ்சை அவனுக்கு வெயாஹவுசிலை பெட்டி அடுக்கிற வேலை. அவளுக்கு நாலு சுவரும் நிறைவயிறும்.

தங்கமான பிள்ளையள், பொய் சொல்லக்கூடாது. நடக்கிற சத்தம், சமைக்கிற சத்தம், சிரிக்கிற சத்தம் ஒண்டும் மேலை வராது. கோயில்லை ஆரைக் கண்டாலும் நான் பெருமை அடிப்பன், "எங்கடை கீழ்வீட்டு ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டே தெரியாது."

மதிலுக்கு அங்காலை ஜோசுவா இருக்கிறான். அமெரிக்கன். ஓஹாயோவிலையிருந்து மனுசியின்ரை வேலை மாத்தத்தோடை வந்தவன். எல்லையிலை காரை நிப்பாட்டி உள்ளுக்குப் போய், கோப்பி ஆறமுந்தி வேலைப் பெர்மிற்றோடை வெளியிலை வந்தவையாம். அதை அவன் பகிடியாச் சொல்லிச் சிரிப்பான். அவனும் றோட்டு இஞ்சினியர்தான். அங்கத்தைக் கொம்பனிக்கே இஞ்சை வீட்டிலையிருந்து, காச்சட்டைக்குப் பதிலாப் பிஜாமாவோடை வேலை செய்யிறான். இப்ப ரூஜ் பக்கம் சொந்தமா வீடு பாக்கினம். ஹுமாயூன் வேலை கேட்டுப்போன இடமெல்லாம் "கனேடிய அனுபவம் இல்லை" எண்டு திருப்பி விட்டவை. ஜோசுவாவுக்கும்தான் கனேடிய அனுபவம் இல்லை. அவனை ஆர் கேட்டது?

மகள் நிலக்சி நகரசபைக்குப் புள்ளிவிவரம் பாக்கிற வேலை. போன மாசம் வந்து குசினி மேசையிலை லப்ரொப்பை விரிச்சு வைச்சுக்கொண்டு, "அம்மா, லைக், ஆப்கான் ஆக்களையும் தங்களை அமெரிக்கன் எண்டு சொல்லுற ஆக்களையும் கொம்பெயர் பண்ணுறம்" எண்டாள். சம்பளம், வீடு, படிச்ச படிப்புக்கு வேலை இருக்கோ, ஒரு அறைக்குள்ளை எத்தினை பேர், எல்லாம் கட்டம் கட்டமா இருந்துது.

"உதுக்குள்ளை என்னத்தைத் தேடுறாய்? ஒண்டு கீழை இருக்கு, மற்றது மதிலுக்கு அங்காலை இருக்கு. போய்ப் பார்."

"அம்மா, அது டேற்றா இல்லை."

"டேற்றாவாம், மண்ணாங்கட்டி. அப்ப நாங்கள் எந்தக் கட்டத்துக்குள்ளை?"

"நாங்கள் நடுவிலை அம்மா" எண்டு சிரிச்சாள். வந்த புதிசிலை பார்க்டேலிலை கரப்பான்பூச்சியோடை குடியிருந்து, ஊரிலை கணக்கு வாத்தியாரா இருந்த என்ரை மனுசன் சட்டி கழுவி, நான் தையல் மெசினிலை விரலைக் குத்தி வந்த நடு அது. எனக்குச் சிரிப்பு வரேல்லை.

ஜோசுவாவிலை எனக்கிருந்த ஒரே கோவம் அவன்ரை வாய். ஆர் வெளிக்கிட்டாலும் மதிலாலை எட்டி, "ஹேய் மிஸிஸ் ராஜா, எங்கை பயணம்?" எண்டு கத்துவான். நான் கோயிலுக்கு வெளிக்கிட்டால் அவன் கேட்டதுக்காகவே திரும்பி உள்ளுக்கு வந்து, கதிரையிலை இருந்து, ஒரு மிடறு தண்ணி குடிச்சுப்போட்டு மறுபடி வெளிக்கிடவேணும். எத்தினை பஸ் இவனாலை விட்டிருப்பன். வளத்த முறை அப்பிடி எண்டு மனுசனுக்குச் சொல்லித் திட்டுவன்.

சரி, அண்டைக்கு வாறன். சோத்துக்கு அரிசி கழுவிக்கொண்டு நிக்கேக்கை காலுக்குக் கீழை டொக் டொக்கெண்டு ஒரு சத்தம். கீழை ஆரோ தும்புத்தடியாலை முகட்டிலை இடிக்கினம். அந்தப் பிள்ளையள் வந்ததிலையிருந்து ஒருநாளும் அப்பிடிச் செய்யேல்லை. அரிசியை அப்பிடியே போட்டிட்டு ஓடினன்.

ஷுக்ரியா நிலத்திலை இருக்கிறாள். ஒரு கை வயித்திலை, மற்றக் கையிலை போன். முகம் வெளிறிப்போச்சு. நாளுக்கு இன்னும் ஒரு மாசத்துக்குக் கிட்ட இருக்கு. போன முறை வயித்தை வெட்டிச் செத்த பிள்ளையை எடுத்தபடியாலை, நோவோ ரத்தமோ கண்டால் அந்த நிமிசமே வா எண்டு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லி விட்டவர். உடுப்பிலை ரத்தம் இருந்துது.

"காலா" எண்டாள். அவையின்ரை பாசையிலை சித்தியை அப்பிடிக் கூப்பிடுறது. "ஹுமாயூன் போன் இல்லை. ஓஃப்."

"வேலைக்கு அடிப்பம் பிள்ளை. எழும்பு, முதல்லை எழும்பு."

நானே வெயாஹவுசுக்கு அடிச்சன். அங்கை ஒரு பெட்டை பாத்துச் சொன்னாள், ஹுமாயூன் இண்டைக்கு லீவு, ஒரு கிழமைக்கு முன்னமே மண்டாடிச் சம்பளமில்லாத லீவு எடுத்தவனாம். நான் அதைச் சொல்லாமல் விழுங்கப் பாத்தன். என்ரை முகத்தை அவள் வாசிச்சிட்டாள்.

"எனக்கு வேலை எண்டு சொன்னவர்" எண்டாள் மெல்ல.

பிறகு தவண்டு தவண்டு அலுமாரியடிக்குப் போனாள். நான் வேண்டாமெண்டு கத்தக் கத்தக் கதவைத் திறந்தாள். பெரிய பை இல்லை. குளிர் உடுப்பு இல்லை. மேல்தட்டிலை இருந்த, பாஸ்போட்டும் மற்றப் பேப்பருகளும் வைச்ச பிளாஸ்ரிக் உறையும் இல்லை. அவள் அலுமாரிக் கதவைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே சரிஞ்சு இருந்திட்டாள்.

அரைகுறை இங்கிலிசிலை அவள் சொன்னதை விளங்க எனக்கு வலு நேரம் எடுக்கேல்லை. அவளின்ரை தமையனும் ஹெராத்திலை ஒருநாள் காலமை ஒரு பையோடை வெளிக்கிட்டவன். வாறன் எண்டு மட்டும் சொன்னவன். இண்டைவரைக்கும் ஆளும் இல்லை, பிணமும் இல்லை. "அவரும் போட்டார், காலா" எண்டாள். நான் நைன் வன் வன் அடிச்சன். அம்புலன்ஸ் வருகுது எண்டு சொன்னதுக்கு அவள் தலையை ஆட்டினாள். ஹுமாயூன் வராமல் நான் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன் எண்டாள். போன முறையும் அவர் விசா அலுவலா இஸ்லாமாபாத் போயிருக்கேக்கைதான் தனிய வெட்டினவை, பிள்ளை செத்தது. இந்த முறை தனிய மாட்டன்.

ஐயோ கடவுளே. குளறிக்கொண்டு இருந்தாலும் பரவாயில்லை, அவள் குளறேல்லை. சுவரைப் பாத்துக்கொண்டு கல்லுப்போலை இருக்கிறாள். எனக்கோ நெஞ்சுக்குள்ளை காலமை நடந்தது கிடந்து குத்துது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் வாய் திறந்திட்டுது.

"நான் கண்டனான் பிள்ளை. காலமை. பையோடைதான் போனவன்."

அவள் திரும்பினாள். "எங்கை?"

"தெரியாது."

"நீங்கள் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை."

"ஏன்?"

எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை இதை எப்பிடிச் சொல்லுறது? போற காரியம் கெட்டுப்போகும் எண்டு கேக்கேல்லை எண்டு சொன்னால் இந்தப் பிள்ளை என்னை என்னெண்டு நினைக்கும்? எனக்கே அந்த நேரம் அது விசர்க்கதையாத்தான் பட்டுது. பாலம் கட்டின மனுசன் பெட்டி அடுக்குறான், அவமானம் தாங்காமல் ஓடிட்டானோ? இல்லாட்டி, சிவசிவா, வேறை ஏதும் செய்யப் போட்டானோ? அந்த முகத்திலை இருந்த பயத்தை நான் என்ரை கண்ணாலை கண்டனான். கண்டிட்டும் கதவைச் சாத்தினனான்.

அம்புலன்ஸ் வந்துது. ஒரு பொம்பிளையும் ஒரு பொடியனும் படியாலை இறங்கி வந்து, அவளின்ரை வயித்திலை கருவியை வைச்சுப் பாத்தினம். பொம்பிளையின்ரை முகம் இறுகிப்போச்சு. இப்பவே போகவேணும் எண்டாள். ஷுக்ரியா மாட்டன் எண்டாள். பொம்பிளை பிள்ளையின்ரை நெஞ்சடிப்பைப் பற்றிச் சொன்னாள். ஷுக்ரியா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். சம்மதமில்லாமல் தாங்கள் தூக்கேலாதாம், என்னைக் கதைச்சுப் பாக்கட்டாம். "ஹுமாயூன் கதைச்சவன், ஆஸ்பத்திரிக்கு வாறானாம்" எண்டு ஒரு பொய் சொல்லுவமோ எண்டு யோசிச்சன். அங்கை போய் அவன் வராட்டில் அவளின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?

மேலை மனுசன் எங்கை? கூப்பிட்டன், பதிலில்லை. என்ரை மனுசன் வீட்டுச் செருப்போடை ஸ்நோவுக்குள்ளை நிண்டு, அம்புலன்சைக் கண்டு வெளியிலை வந்த ஜோசுவாவுக்குக் கையைக் காலை ஆட்டி விளங்கப்படுத்திறார். அடுத்த நிமிசம் ஜோசுவா பிஜாமாவோடை தடதடவெண்டு பேஸ்மென்றுக்குள்ளை வந்து நிக்கிறான்.

"ஹுமாயூனைத் தேடுறியளோ? அவர் பிரம்ப்டனிலை. எனக்குத் தெரியும்."

"உனக்கு என்னெண்டு தெரியும்?" எண்டு நான் கத்தினன். நன்றி சொல்ல வேண்டிய இடத்திலை கத்தினன், பாருங்கோ.

"காலமை கேட்டனான், எங்கை பயணம் எண்டு" எண்டான். வேறை எப்பிடித் தெரியும் எண்ட மாதிரி என்னைப் பாத்தான்.

பெரிய ட்ரக் ஓடுற லைசன்சுக்கு ஹுமாயூன் ரெண்டு மாசமா ஞாயிற்றுக்கிழமையளிலை பழகினவனாம். இண்டைக்குச் சோதினையாம். ட்ரக் நிக்கிற யார்டிலை நாள் முழுக்கக் குளிருக்குள்ளை நிக்கவேணுமெண்டுதான் பையிலை மாத்துடுப்பு. இனி இஞ்சினியர் வேலையைப் பாத்துக்கொண்டிருக்கேலாது, பிள்ளை பிறக்கமுந்தி ஒரு ஒழுங்கான உழைப்பு வேணுமெண்டு சொன்னவனாம். ஷுக்ரியாவுக்குச் சொன்னால் பாலம் கட்டின மனுசன் ட்ரக் ஓடுறதோ எண்டு அழுவாள், பாஸ் பண்ணினாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தவனாம். பேப்பர் உறை என்னத்துக்கு எண்டு ஜோசுவாவுக்கு விளங்கேல்லை. அது எனக்கு விளங்கினது. நாங்களும் பார்க்டேலிலை இருக்கேக்கை பால் வாங்கக் கடைக்குப் போனாலும் எல்லாப் பேப்பரையும் கொண்டுதானே போனனாங்கள். ஜோசுவா ஒரு போனை மட்டும் பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு உலகம் முழுக்கப் போவான்.

ஷுக்ரியா நம்பேல்லை. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்லுறம் எண்டு நினைச்சாள். அப்ப ஜோசுவா முழங்காலிலை இருந்து போனை அவளுக்குக் காட்டினான். காலமை அவன் எடுத்த படம். பெரிய பையோடை ஹுமாயூன், பக்கத்திலை ஜோசுவா பெருவிரலைத் தூக்கிக்கொண்டு. ஹுமாயூன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். என்ரை வாசல்லை பயந்த முகத்தோடை நிண்டவன், அங்காலை பத்தடி போய்ச் சிரிச்சிருக்கிறான். எங்கடை வீட்டிலை அவன் அப்பிடிச் சிரிச்சு நான் காணேல்லை.

ஷுக்ரியா படத்தைத் தொட்டுப் பாத்தாள். "சிரிக்கிறார்" எண்டாள். பிறகு என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு எழும்பினாள்.

அந்த யார்டுக்கு ஜோசுவா அடிச்சான். சோதினைக்குப் போறவையின்ரை போனெல்லாம் அங்கை பூட்டி வைக்கிறவையாம். ஹுமாயூன் இன்னும் வரிசையிலை நிக்கிறானோ றோட்டிலை போட்டானோ தெரியாது, பாத்துச் சொல்லுறம் எண்டினம். "நான் போய்க் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு சொல்லிப்போட்டு, ஜோசுவா பிஜாமாவுக்கு மேலை ஜக்கெற்றைக் கொழுவினான். பட்டப்பகல், வேலை நேரம். ஆரையும் கேக்காமல் காரை எடுத்துக்கொண்டு போறான். ஹுமாயூன் அதே நாள் லீவுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே மண்டாடினவன். நிலக்சி தன்ரை கட்டத்துக்குள்ளை இதை எங்கை போடுவாள் எண்டு அந்த அந்தரத்துக்குள்ளையும் எனக்கு ஒரு எண்ணம் ஓடிச்சுது.

அம்புலன்சிலை நான்தான் போனன். ஆஸ்பத்திரியிலை நேரை ஒப்பரேசன் அறைக்குக் கொண்டு போச்சினம். எனக்கு நீலச் சட்டையும் தொப்பியும் போட்டு அவளின்ரை தலைமாட்டிலை இருத்தினவை. துணி மறைப்புக்கு அங்காலை என்ன நடக்குதெண்டு தெரியேல்லை. கத்தி கரண்டிச் சத்தம், டொக்டர்மார் குசுகுசுக்கிற சத்தம். அவள் கண்ணை வெட்டாமல் கதவையே பாத்துக்கொண்டு கிடக்கிறாள். ஒவ்வொருக்காலும் கதவு திறக்கேக்கை அவளின்ரை விரல் என்ரை கையை நெரிக்கும். நேர்ஸ் வருவா. கை தளரும். பிரம்ப்டனிலையிருந்து நாலு நூத்தொண்டு ஹைவேயாலை வரவேணும், வெளியிலை ஸ்நோ கொட்டுது. நான் தெரிஞ்ச தேவாரமெல்லாம் வாய்க்குள்ளை சொன்னன்.

பிள்ளையை எடுத்தினம். சத்தமில்லை. ஒரு சத்தமுமில்லை. ஆக்கள் கெதிகெதியா நடக்கினம். ஷுக்ரியா என்ரை முகத்தைப் பாத்து, "காலா, ஏன் அழேல்லை?" எண்டு கேட்டாள். நான் அவளின்ரை நெத்தியைத் தடவிக்கொண்டே இருந்தன். பிறகு எங்கையோ ஒரு மூலையிலை இருந்து, பூனைக்குட்டி கத்தினமாதிரி ஒரு சின்னச் சத்தம். பேந்து பெரிய சத்தம். நான் அழுததிலை நேர்ஸ் எனக்குத்தான் முதல்லை கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டவ.

பொம்பிளைப்பிள்ளை. சின்னன் எண்டபடியாலை கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைச்சினம். அதுக்குப் பிறகுதான் ஹுமாயூன் ஓடி வந்தான். பூட்சிலை ஸ்நோ, நெஞ்சிலை ஒளிரிற மஞ்சள் சட்டை. பின்னாலை ஜோசுவா பிஜாமாக் காலோடை. ட்ரக்கிலை ஏறி, சோதினை எடுக்கிறவர் பக்கத்திலை இருந்து, வாசல் தாண்டமுந்திச் செய்தி போயிருக்கு. இறங்கி ஓடி வந்தவன். அண்டையச் சோதினை அதோடை சரி, கட்டின காசும் போச்சு. அவன் அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. நேரை ஷுக்ரியாவிட்டைப் போனான்.

கனநேரத்தாலை வெளியிலை நடையிலை வந்து என்ரை பக்கத்திலை இருந்தான். எனக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தவன். "அன்ரி, நன்றி" எண்டான்.

"எனக்கு நன்றி சொல்லாதை" எண்டன். "நான் கேட்டிருந்தால் உன்னை அந்த நேரமே பிடிச்சிருக்கலாம். அவள் அலுமாரியடியிலை அப்பிடிக் கிடந்திருக்கத் தேவையில்லை. எங்கடை ஆக்களிலை ஒரு வழக்கம் இருக்கு. வெளிக்கிட்ட ஆளை எங்கை போறாய் எண்டு கேக்கக்கூடாது. போற காரியம் நல்லா நடக்கவேணும் எண்டுதான். அதுதான் காலமை அங்கிளைக் கிள்ளினனான்."

அவன் கோப்பிக் கோப்பையைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் கிள்ளினதைக் கண்டனான்" எண்டான். "இது முதல் முறை இல்லை. கோடையிலையும் ஒருக்கால் அங்கிள் கேக்கத் துவங்க நீங்கள் கண்ணைக் காட்டினனீங்கள். அண்டைக்கு இரவு ஷுக்ரியாவுக்குச் சொன்னன், இந்த வீட்டு ஆக்கள் நல்லவை, ஆனால் எங்களைப் பற்றி அறிய விருப்பமில்லை, அங்கிள் எங்களோடை கதைக்கிறது அன்ரிக்குப் பிடிக்கேல்லை. அதுதான் நாங்கள் சத்தம் போடாமல் இருக்கப் பழகினனாங்கள். மெல்ல நடப்பம். சிரிப்பு வந்தால் ரீவியைப் போடுவம், அதையும் குறைச்சு."

கோயில்லை நிண்டு நான் பெருமை அடிச்ச சத்தமில்லாத வீடு அதுதான். எங்கடை பார்க்டேல் வீட்டுக்காரி எங்கடை கறி மணத்துக்கு யன்னலைச் சாத்தினதை நான் இண்டைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுறனான். கோப்பி கையிலை ஆறிப்போச்சு.

பங்குனி முடிவிலை அவனுக்குத் திரும்பச் சோதினைத் திகதி கிடைச்சுது. பிள்ளை வீட்டை வந்திட்டுது, பேர் பர்வானா. எனக்கு அந்தத் திகதியை ஷுக்ரியா சொல்லி வைச்சிருந்தவள். முதல் நாள் இரவு எனக்கு நித்திரை இல்லை. கேட்டால் அவன் ஃபெயிலாவான். எனக்கு அதிலை முழு நம்பிக்கை, இப்பவும் நம்பிக்கைதான், ஆஸ்பத்திரியிலை அழுதாப்போலை விட்டுப்போற நம்பிக்கை இல்லை அது. கேக்காட்டில்? கேக்காட்டில் அவன் மறுபடி நெஞ்சிலை கையை வைச்சுத் தலையைக் குனிஞ்சுபோட்டுப் போவான்.

காலமை பக்கத்துக் கதவு திறந்த சத்தம் கேட்டுது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினன். அதே பூட்ஸ், அதே பை. மனுசன் எனக்குப் பின்னாலை வந்து, கிள்ளு விழும் எண்ட பயத்திலை ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சுக்கொண்டு நிண்டார். ஹுமாயூன் எங்களைக் கண்டு நிண்டான்.

பிள்ளையாரே எண்டு மனசுக்குள்ளை சொல்லிக்கொண்டு, மதிலுக்கு அங்காலையும் கேக்கக் கத்தினன். "ஹுமாயூன்! எங்கை போறாய்?"

மனுசன் "ஐயோ குணவதி" எண்டார்.

ஹுமாயூன் பையைக் கீழை வைச்சான். சோதினைக்குப் போறன் எண்டான். எந்த றோட்டு, எத்தினையாம் இலக்க பஸ், எங்கை மாறி ஏறுறது, யார்டின்ரை போன் நம்பர், பின்னுக்கு எடுத்து நிப்பாட்டிறதுதான் தனக்குப் பயம், எல்லாம் சொன்னான். நிண்டு நிண்டு சொன்னான். பஸ்சை விட்டிடுவாய், போடா தம்பி எண்டு நான்தான் கலைச்சன்.

உள்ளுக்கு வந்து சாமிப்படத்துக்கு விளக்கைக் கொழுத்தி, "கேட்டுப்போட்டன். கேட்டது நான். ஏதும் செய்யிறதெண்டால் எனக்குச் செய், அவனை விட்டிடு" எண்டன். அதுக்குப் பிறகு ஒரு வேலையும் ஓடேல்லை. கறிக்கு ரெண்டுதரம் உப்புப் போட்டன். மனுசன் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுச் சாப்பிட்டார். கீழை பர்வானா வீரிட்டு அழுறாள், ஷுக்ரியா பெலத்துப் பாடிப் பாடி ஆட்டுறாள். முகட்டாலை எல்லாம் கேட்டுது.

பின்னேரம் வாசல் பக்கம் பூட்ஸ் சத்தம் தடதடவெண்டு ஓடி வந்துது. பக்கத்துக் கதவாலை கீழை இறங்கும் எண்டு காதைக் குடுத்துக்கொண்டு இருந்தன். அது இறங்கேல்லை. நேரை எங்கடை முன்கதவுக்கு வந்து, ரெண்டு கையாலையும் கதவு உடையிறமாதிரி அடிச்சுது. கதவுக்கு அங்காலை ஹுமாயூன் பெலத்துச் சிரிக்கிற சத்தமும் கேட்டுது.